டிரென்டனும் ஜலஷ்வாவும்: ஆஸ்டின் வகைத் தரையிறங்கு கப்பல்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 ஜூன் மாதத்தில் இரண்டு முறையும், ஜூலை முதல் தேதி மூன்றாம் முறையும் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு ஒரு சாம்பல் நிறப் போர்க்கப்பல் வந்து போனது. கொரோனா ஊரடங்கில் கொழும்பிலும் மாலேயிலும் ஈரானிலும் சிக்கிக்கொண்ட நம்மவர்களை ஏற்றி வந்த ஐ.என்.எஸ். ஜலஷ்வாதான் அது. இந்தியா வாங்குவதற்கு முன் அமெரிக்கக் கடற்படையில் அதன் பெயர் டிரென்டன். செய்தியில் அதன் படத்தைப் பார்த்தவர்கள் பலர். அது எங்கே பிறந்தது, எதற்காகக் கட்டப்பட்டது, இந்தியாவுக்கு எப்படி வந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அந்தக் கப்பலைப் பற்றியும் அதன் பதினொரு உடன்பிறப்புகளைப் பற்றியும் வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஆஸ்டின் வகை என்பது என்ன? மொத்தம் எத்தனை கப்பல்கள்?

அமெரிக்கக் கடற்படைக்காக 1960-களில் வடிவமைக்கப்பட்ட தரையிறங்கு கப்பல் வரிசை அது. ஒரே வரைபடத்தில் கட்டப்படும் கப்பல்களை, முதலில் வந்த கப்பலின் பெயரால் அழைப்பது கடற்படை வழக்கம். அந்த முதல் கப்பல் ஆஸ்டின், 1965 பிப்ரவரியில் பணியில் சேர்ந்தது. அதன் பின் ஆக்டன், டுலூத், கிளீவ்லாந்து, டுபியூக், டென்வர், ஜூனோ, கொரோனாடோ, ஷ்ரீவ்போர்ட், நாஷ்வில், டிரென்டன், பான்சே என ஆகமொத்தம் பன்னிரண்டு. எல்லாம் ஊர்ப் பெயர்கள். கடைசிக் கப்பலான பான்சே 1971 ஜூலையில் சேர்ந்தது.

நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த அரசுக் கப்பல் கட்டும் தளத்தில் முதல் மூன்றும், மிசிசிப்பியில் அடுத்த இரண்டும், சியாட்டிலில் மீதி ஏழும் உருவாயின. 1801 முதல் இயங்கிய புரூக்ளின் தளம் நீரில் இறக்கிய கடைசிக் கப்பல் டுலூத். அது முழுமையாகத் தயாராவதற்குள் தளத்தையே மூடிவிட முடிவானதால் மீதி வேலை பிலடெல்பியாவில் நடந்தது.

எல்.பி.டி. என்று சொல்கிறார்களே, அது என்ன?

கடலிலிருந்து ஒரு கரையில் படையை இறக்குவதற்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இருந்த முதன்மையான கருவி, முகப்பில் கதவுள்ள டாங்கிக் கப்பல். அது நேராக மணலில் ஏறி நிற்கும், அணியம் வாய் பிளக்கும், டாங்கிகள் இறங்கி ஓடும். நம் கடற்படையின் பழைய ஐ.என்.எஸ். மகர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. தரை தட்ட வேண்டியிருப்பதால் அதன் அடிப்பாகம் தட்டையாக இருக்கும், வேகமும் குறைவு. பெரிய அலையில் அதில் பயணம் செய்வது வயிற்றுக்குச் சோதனை. எதிரியின் துப்பாக்கிக்கு எட்டும் தூரம் வரை அது போயாக வேண்டும் என்பது எல்லாவற்றையும் விடப் பெரிய குறை.

எல்.பி.டி., அதாவது லேண்டிங் பிளாட்ஃபார்ம் டாக், இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. கப்பல் கரைக்குப் போவதே இல்லை. ஆழ்கடலில் நின்றபடி, தன் வயிற்றுக்குள் சுமந்து வந்த சிறு படகுகளைப் பின்வாசல் வழியாக அனுப்புகிறது. மேல்தளத்திலிருந்து ஹெலிகாப்டர்களையும் அனுப்புகிறது. அதற்கு முன்பு வீரர்களுக்கு ஒரு கப்பல், படகுகளுக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று, ஹெலிகாப்டருக்கு ஒன்று என்று பிரிந்து கிடந்தன. அவற்றில் ஒன்று மூழ்கினாலோ வழி தப்பினாலோ மற்றவை கைகட்டி நிற்க வேண்டியதுதான். வீரன், அவனுடைய வண்டி, வண்டியைக் கரை சேர்க்கும் படகு ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்ததுதான் இந்த வடிவமைப்பின் சாரம். இந்த யோசனையை முதலில் சோதித்தது ராலே என்ற சிறு வரிசை. அதன் உடலில் சுமார் 15 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டைச் செருகிப் பெரிதாக்கியதே ஆஸ்டின்.

கப்பலுக்குள் கடல்நீரை விடுகிறார்கள் என்பது உண்மையா? மூழ்கிவிடாதா?

உண்மைதான். எனக்கு இந்தக் கப்பலில் மிகவும் பிடித்த பகுதியும் இதுவே.

கப்பலின் பின்பாதியில், மேல்தளத்துக்குக் கீழே, ஏறக்குறைய 51 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பெரிய கூடம் இருக்கிறது. மாலுமிகள் அதை வெல் டெக் என்கிறார்கள். சாதாரண நேரத்தில் அது உலர்ந்த தளம். படகுகள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கும். படகை வெளியே விட வேண்டிய நேரம் வந்ததும், கப்பலின் அடியிலும் பக்கவாட்டிலும் உள்ள தொட்டிகளுக்குள் கடல்நீரை நிரப்புகிறார்கள். பின்பாகம் மெல்லத் தாழ்கிறது. பிறகு பின்கதவு கீழே இறங்க, கடல் உள்ளே நுழைகிறது. கதவருகே ஆள் உயரத்துக்கும் மேல் தண்ணீர் நிற்கும். உள்ளே போகப் போக ஆழம் குறைந்து, முன் முனையில் தரை உலர்ந்தே இருக்கும். ஒரு கடற்கரையையே கூரைக்கு அடியில் கொண்டுவந்து வைத்தது போன்ற காட்சி. படகுகள் தாமாக மிதந்து எழும்பி, எஞ்சினை முடுக்கி, பின்பக்கமாக வெளியேறும். வேலை முடிந்ததும் தொட்டிகளில் உள்ள நீரை வெளியே தள்ளினால் கப்பல் பழையபடி நிமிர்ந்துவிடும்.

மூழ்காமல் இருப்பதற்குக் காரணம் எளிது: நீர் நுழையும் இடங்கள் எவை, நுழையக் கூடாத இடங்கள் எவை என்பது வடிவமைப்பிலேயே பிரிக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் அறை, குடியிருப்பு, வண்டித் தளம் எல்லாம் தனித்தனியாக அடைக்கப்பட்ட பகுதிகள். மிதப்பதற்குத் தேவையான காற்று அவற்றில் இருக்கிறது. ஆனால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. அகலமான தளத்தில் கட்டுப்பாடின்றி அலையும் தண்ணீர் கப்பலின் நிலைத்தன்மையைக் குலைக்கும். ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடந்து பார்த்தால் இது புரியும். அதனால்தான் இந்த வேலையை மெதுவான வேகத்தில், கடலின் போக்கைப் பார்த்து, தொட்டி தொட்டியாகக் கணக்கிட்டுச் செய்கிறார்கள்.

எவ்வளவு பெரியது? எவ்வளவு ஏற்றும்?

நீளம் சுமார் 174 மீட்டர். முழுச் சுமையுடன் எடை ஏறக்குறைய 17,000 டன். இரண்டு கொதிகலன்கள், இரண்டு நீராவி டர்பைன்கள், மொத்தம் 24,000 குதிரைத்திறன், உச்ச வேகம் 21 நாட், அதாவது மணிக்கு 21 கடல் மைல். மாலுமிகள் 400 பேர் போக, 900 வீரர்கள் வரை தங்க இடமுண்டு.

படகுக் கணக்கு கப்பலுக்குக் கப்பல், பயணத்துக்குப் பயணம் மாறும். எல்.சி.எம்.-8 என்னும் இயந்திரப் படகுகள் என்றால் நான்கு அடங்கும். ஒவ்வொன்றும் ஒரு பெரிய டாங்கியையோ 200 வீரர்களையோ சுமக்க வல்லது. காற்று மெத்தையில் பறப்பது போல ஓடும் பெரிய ஹோவர்கிராஃப்ட் என்றால் ஒன்றுதான் நுழையும்.

ஹெலிகாப்டர்களை எங்கே வைப்பார்கள்?

வெல் டெக்கின் கூரையே ஹெலிகாப்டர் இறங்கும் தளம். கட்டிடக் கூடு கப்பலின் முன்பாதியோடு முடிந்துவிடுகிறது. பின்பாதி முழுவதும் வெட்டவெளி. தொலைவிலிருந்து பார்த்தால் லாரியின் முன்கூண்டும் பின்தட்டும் போலத் தெரியும். நிரந்தரக் கொட்டகை கட்டினால் தளம் சுருங்கிவிடும் என்பதால், வேண்டும்போது பின்னோக்கி நீட்டிக்கொள்ளவும் வேண்டாதபோது உள்ளே தள்ளிக்கொள்ளவும் கூடிய ஒரு கொட்டகையை வைத்தார்கள். முதல் கப்பலான ஆஸ்டினில் மட்டும் அது இல்லை.

இவ்வளவு பெரிய போர்க்கப்பலில் ஆயுதம் குறைவாக இருப்பது ஏன்?

இது சுமக்கும் கப்பல், சண்டையிடுவது இதன் வேலையல்ல. தொடக்கத்தில் எட்டு மூன்று அங்குலப் பீரங்கிகள் இருந்தன. பின்னாளில் அவற்றை எடுத்துவிட்டு, நெருங்கி வரும் ஏவுகணையைச் சுட இரண்டு ஃபேலங்ஸ் துப்பாக்கிகளை வைத்தார்கள். பெரிய பாதுகாப்புக்கு அருகில் போர்க்கப்பல்கள் துணை வர வேண்டும்.

எந்தப் போர்களில் பங்கேற்றன?

வியட்நாம் போரில் இவ்வரிசையின் பல கப்பல்கள் ஈடுபட்டன. 1975 ஏப்ரல் 29, 30 தேதிகளில் சைகோன் வீழ்ந்தபோது ஹெலிகாப்டர் மூலம் 7,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். கடலில் காத்து நின்ற கப்பல்களில் டுலூத், டுபியூக், டென்வர் மூன்றும் இருந்தன. 1988 ஏப்ரல் 18 அன்று பாரசீக வளைகுடாவில் ஈரானுடன் அமெரிக்கா மோதியபோது, சாசான் எண்ணெய் மேடையைக் கைப்பற்றித் தகர்த்த மரைன் வீரர்கள் டிரென்டனிலிருந்து புறப்பட்டவர்கள். இன்று நாம் ஜலஷ்வா என்று அழைக்கும் அதே கப்பல்தான்.

மொகதிசுவில் நடந்தது என்ன?

1991 ஜனவரி. சோமாலியாவில் உள்நாட்டுப் போர் தலைநகருக்குள் நுழைந்துவிட்டது. உலகத்தின் கண்களெல்லாம் குவைத் மீது இருந்தன. மொகதிசுவின் அமெரிக்கத் தூதரகத்துக்குள் பல நாட்டவர் தஞ்சம் புகுந்திருந்தார்கள், வெளியே கொள்ளையும் துப்பாக்கிச் சூடும். விமான நிலையம் வழியே வெளியேற வாய்ப்பில்லை. ஓமானுக்கு அப்பால் நின்றிருந்த குவாம் என்ற ஹெலிகாப்டர் கப்பலும் டிரென்டனும் முழு வேகத்தில் தெற்கே விரைந்தன.

கப்பல்கள் போய்ச் சேரும் வரை தூதரகம் தாங்காது என்று தெரிந்ததும், ஜனவரி 5 அதிகாலை இருட்டில், கரைக்கு இன்னும் 466 கடல் மைல் இருக்கும்போதே டிரென்டனின் தளத்திலிருந்து இரண்டு சூப்பர் ஸ்டாலியன் ஹெலிகாப்டர்கள் எழும்பின. உள்ளே 60 வீரர்கள். வழியில் வானிலேயே இரண்டு முறை எரிபொருள் நிரப்பிக்கொண்டு, விடிந்ததும் தூதரக வளாகத்தில் இறங்கின. வீரர்களைக் காவலுக்கு இறக்கிவிட்டு, முதல் தொகுதி மக்களை ஏற்றிக்கொண்டு திரும்பின. கப்பல்கள் நெருங்கிய பிறகு மற்ற ஹெலிகாப்டர்கள் இரவோடு இரவாக மீதிப் பேரையும் கொண்டுவந்தன.

மொத்தம் 281 பேர். 30 நாடுகளைச் சேர்ந்தவர்கள். சோவியத் தூதரும் அவர்களில் ஒருவர். பனிப்போர் முழுக்க எதிரெதிராக நின்ற இரு நாடுகளின் தூதர்களும் ஒரே மீட்பில் தப்பினார்கள். மஸ்கட்டுக்குப் போகும் வழியில் குவாம் கப்பலில் ஒரு குழந்தையும் பிறந்தது.

இந்தக் கப்பல்களின் வரலாற்றில் கறை எதுவும் இல்லையா?

இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மீட்புக் கதைகளை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

1988 ஜூனில் டுபியூக் கப்பல் தென் சீனக் கடல் வழியாக வளைகுடாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வியட்நாமிலிருந்து தப்பிய அகதிகளின் படகு ஒன்று எதிர்ப்பட்டது. எஞ்சின் செத்துப் பல நாட்கள் ஆகியிருந்தன. புறப்பட்டபோது 110 பேர் இருந்த படகில் பலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். டுபியூக்கின் மாலுமிகள் உணவும் தண்ணீரும் கொடுத்தார்கள். ஆனால் அவர்களைக் கப்பலில் ஏற்றிக்கொள்ளக் கப்பல் தலைவர் ஒப்பவில்லை. படகு தானாகச் சமாளித்துக் கரை சேரும் என்று முடிவு செய்து கப்பல் தன் வழியே போய்விட்டது. கொடுத்த உணவு தீர்ந்தது. பசி கொடுமையில், இறந்தவர்களின் சதையைத் தின்னும் நிலைக்கு அவர்கள் வந்தார்கள். கடலில் 37 நாட்கள் கழித்துப் பிலிப்பைன்ஸ் மீனவர்கள் போலினாவ் அருகே மீட்டபோது உயிருடன் இருந்தவர்கள் 52 பேர்.

கப்பல் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டு, ராணுவ நீதிமன்றத்தில் கடமை தவறிய குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்றார். தண்டனை ஒரு கண்டனக் கடிதம். 900 பேர் தங்கக்கூடிய கப்பல் ஒன்று, அத்தனை பேரையும் எளிதில் ஏற்றிக்கொள்ள முடிந்தும் விலகிப் போனது. பெரிய கப்பல் விட்டுச் சென்றவர்களைக் கரைசேர்த்தவர்கள் சிறு படகுக்காரர்கள்.

இந்தியா ஏன் டிரென்டனை வாங்கியது?

2004 டிசம்பர் 26 சுனாமி. நாகப்பட்டினமும் அந்தமானும் அழிந்து கிடந்த அந்த நாட்களில் இந்தியக் கடற்படை தமிழ்நாடு, அந்தமான், இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியா என்று பல முனைகளில் உதவியது. கப்பல்கள் இருந்தன. ஆனால் துறைமுகமே உடைந்து போன கரையில் பெருமளவு பொருளையும் ஆட்களையும் இறக்கும் கப்பல் போதவில்லை. அதே நேரத்தில் ஆஸ்டின் வரிசையின் டுலூத் இலங்கையின் தென்கரையில் நிவாரண வேலைக்கு வந்து நின்றது. இந்த அனுபவம்தான் அப்படியொரு கப்பலைத் தேட வைத்தது.

2006 ஜூலையில் லெபனான் போரின்போது டிரென்டன் பெய்ரூட்டிலிருந்து அமெரிக்கர்களை மீட்டுக்கொண்டிருந்தது. அதே பெய்ரூட்டிலிருந்து நம் கடற்படையின் மும்பை, பிரம்மபுத்ரா, பேத்வா, சக்தி கப்பல்கள் இந்தியர்களையும் இலங்கையரையும் நேபாளியரையும் ஏற்றிக்கொண்டிருந்தன. மறு ஆண்டு ஜனவரியில் டிரென்டன் அமெரிக்கக் கொடியை இறக்கிவிட்டு, 2007 ஜூன் 22 அன்று அமெரிக்காவின் நார்ஃபோக் துறைமுகத்தில் ஐ.என்.எஸ். ஜலஷ்வா ஆனது. கப்பலின் விலை ஏறக்குறைய 5 கோடி டாலர். ஆறு சீ கிங் ஹெலிகாப்டர்கள் தனி விலைக்கு வந்தன.

பெயருக்கு என்ன பொருள்?

சமஸ்கிருதத்தில் ஜலம், அஷ்வம். நீர்க்குதிரை.

36 வயதான கப்பலை வாங்கியது சரியான முடிவா?

இந்தக் கேள்வி அப்போதே எழுந்தது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2008 அறிக்கை கடுமையாகவே பேசியது. கப்பலின் வயதை மட்டுமல்லாமல், விற்பனை நிபந்தனைகளையும் அது சுட்டிக்காட்டியது. தாக்குதல் நடவடிக்கையில் ஈடுபடுத்துவதற்குக் கட்டுப்பாடு, விற்ற பொருள்களை அமெரிக்கா வந்து பரிசோதிக்கும் உரிமை ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

நீராவிக் கப்பலைப் பராமரிப்பதும் எளிதல்ல. கொதிகலனைச் சூடேற்றி நீராவி எழுப்ப மணிக்கணக்கு ஆகும். எரிவாயு டர்பைன் போலப் பொத்தானை அழுத்திக் கிளம்ப முடியாது. உதிரி பாகங்களும் உலகில் குறைந்துகொண்டே வந்தன.

என் கருத்து: நிபந்தனைகளை ஏற்றது தவறு, கப்பலை வாங்கியது சரி. அதே அளவில் புதிய கப்பல் கட்டுவதென்றால் இதைப் போலப் பல மடங்கு செலவாகியிருக்கும். பணத்தைவிட முக்கியம், இப்படிப்பட்ட கப்பலை இயக்கும் கைப்பழக்கம். வெல் டெக்கில் நீர் நிரப்பிப் படகு விடுவதைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். உள்நாட்டிலேயே நான்கு எல்.பி.டி. கட்டும் திட்டம் பத்தாண்டுகளுக்கும் மேலாக இழுபறியிலேயே கழிந்தது. தற்காலிக ஏற்பாடாக வந்த கப்பல் இத்தனை காலம் தனியாளாகச் சுமக்க நேர்ந்ததற்கு அதுவே காரணம்.

ஜலஷ்வாவில் விபத்து நடந்ததாமே?

2008 பிப்ரவரி தொடக்கத்தில், கடலில் பயிற்சியின்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கசிந்து ஓர் அதிகாரியும் ஐந்து மாலுமிகளும் இறந்தார்கள். அழுகிய முட்டை நாற்றம் வீசும் வாயு அது. செறிவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும் என்பதுதான் அதன் கொடுமை. மூடிய இரும்பு அறைகள் நிறைந்த கப்பலில் ஒருவரைக் காப்பாற்ற ஓடும் அடுத்தவரும் விழுந்துவிடுவார். கப்பல் இந்தியாவிடம் வந்து ஓராண்டு கூட ஆகியிருக்கவில்லை.

தூத்துக்குடிக்கு வந்தபோது எத்தனை பேரை ஏற்றி வந்தது?

2020 மே 10 அன்று மாலேயிலிருந்து கொச்சிக்கு 698 பேரைக் கொண்டுவந்ததுதான் கொரோனா மீட்பில் இதன் முதல் பயணம். அவர்களில் 19 பேர் கர்ப்பிணிகள். ஜூன் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து ஏறக்குறைய 700 பேர் தூத்துக்குடியில் இறங்கினார்கள். அடுத்த சில நாட்களில் மாலேயிலிருந்து இன்னொரு 700 பேர். ஜூலை 1 அன்று ஈரானின் பந்தர் அப்பாசிலிருந்து 687 பேர். இந்தக் கடைசிப் பயணத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஈரானில் படகுத் தொழிலுக்குப் போன நம் கடற்கரை மீனவர்கள். சமுத்திர சேது என்று பெயரிடப்பட்ட அந்த நடவடிக்கையில் ஜலஷ்வா, ஐராவத், ஷார்துல், மகர் ஆகிய நான்கும் சேர்ந்து அழைத்துவந்தவர்கள் 3,992 பேர்.

இதற்கு ஏன் இந்தக் கப்பல்? தொற்றுக் காலத்தில் முக்கியம் இடைவெளி. வீரர்கள் தங்குவதற்கென்றே கட்டப்பட்ட படுக்கை அறைகளும், தனித்தனியாகப் பிரிக்கக்கூடிய பகுதிகளும் உள்ள கப்பல் வேறு எது? பயணிகளை ஒரு பகுதியிலும் மாலுமிகளை வேறு பகுதியிலும் வைக்க முடிந்தது.

மற்ற பதினொன்றும் என்ன ஆயின?

கொரோனாடோ 1980-லேயே கட்டளைக் கப்பலாக மாற்றப்பட்டு, 2012-ல் பயிற்சி இலக்காகக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. ஆக்டனை 2014-ல் ஹவாய்க் கடலில் ஒரு நார்வே போர்க்கப்பல் ஏவுகணையால் தாக்கியது. டென்வர் 2022-ல் அதே முடிவைச் சந்தித்தது. சில பழைய இரும்புக்குப் போயின.

பான்சேயின் கதை மட்டும் வேறு. 2012-ல் ஓய்வுக்கு நாள் குறித்தாயிற்று. கடைசி நேரத்தில் முடிவு மாறி, அவசர அவசரமாகச் செப்பனிடப்பட்டு, பாரசீக வளைகுடாவில் மிதக்கும் முகாமாக நிறுத்தப்பட்டது. கடற்படையினரும் சிவில் மாலுமிகளும் சேர்ந்து அதை இயக்கினார்கள். 2014-ல் அதன் மேல் 30 கிலோவாட் லேசர் ஆயுதம் பொருத்திச் சோதித்தார்கள். 2017 வரை ஓடியது.

ஜலஷ்வாவை நேரில் பார்க்க முடியுமா?

விசாகப்பட்டினம் அதன் தாய்த் துறைமுகம். டிசம்பர் 4 கடற்படை நாளை ஒட்டிச் சில போர்க்கப்பல்களைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறப்பது அங்கே வழக்கம். எந்தக் கப்பல் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். இது கிடைத்தால் துப்பாக்கிகளின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். வெல் டெக்குக்கு வழி கேளுங்கள். படகுகள் இடிக்கும்போது இரும்புச் சுவர் நசுங்காமல் இருக்க, இவ்வகைக் கப்பல்களில் இரு பக்கமும் மரப்பலகை அடித்திருப்பார்கள். படகுகள் உரசிய தழும்புகள் அந்தப் பலகைகளில் இருக்கும்.